குத்தகைக்காரருக்கும் ஒரு காகிதம் வேண்டும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். உட்கார்ந்தது கம்பெனி நாற்காலி; சம்பளம் போட்டது ஆள் அனுப்பும் ஏஜென்சி. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். 2020 ஊரடங்கில் புதுப்பிக்கவில்லை. குடும்பத்தோடு திருவையாறு பக்கம் உள்ள சொந்த ஊருக்கு வந்துவிட்டேன்.

அந்த வருடம், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12-ம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். எங்கள் மூன்று ஏக்கரும் பத்து வருடமாகக் குத்தகையில் இருந்தது. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். "நிலத்தைத் திருப்பிக் கேட்டுடலாம்ப்பா, நீயே பண்ணு" என்றார் அப்பா.

மறுநாள் குத்தகைக்காரரே வந்தார். சித்தப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். "தம்பி, இந்தப் போகம் நாத்து விடவா, வேணாமா? முன்கூட்டியே சொல்லிட்டா வேற வேலை பாத்துக்குவேன்" என்றார். அதே கேள்வியைத்தான் அதற்கு முந்தைய மாதம் நான் மேனேஜரிடம் கேட்டிருந்தேன்.

டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை ஏராளம். அடங்கலில் பெயர் இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம். காப்பீடும் வெள்ள நிவாரணமும் பெரும்பாலும் பட்டாதாரர் பெயருக்கே போகும். விதைத்தவர் கை வெறுங்கை.

பேசி முடிவெடுத்தோம். குறுவை முடிந்ததும் ஒரு ஏக்கர் எனக்கு, இரண்டு ஏக்கர் அவருக்கு. "பதிஞ்சா நிலம் போயிடுமே" என்று அப்பா பயந்தார். பட்டா நம் பெயரில்தான் இருக்கும். குத்தகையை ஒழுங்காகக் கொடுப்பவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்பதுதான் 1955-ம் ஆண்டுச் சட்டம் என்று எடுத்துச் சொன்னேன். ஒப்பந்தம் எழுதி, 1969-ம் ஆண்டு குத்தகைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் அவர் பெயரை ஏற்றினார்.

2021 ஜனவரியில் பருவம் தவறிய மழையில் சம்பா சாய்ந்தது. அரசு அறிவித்த ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம், அவருடைய இரண்டு ஏக்கருக்கு அவர் கணக்கிலேயே ஏறியது.

ஒரு ஏக்கர் எங்கள் வயிற்றுக்குப் போதாது. தஞ்சாவூரில் ஒரு கடைக்குக் கணக்கும் எழுதுகிறேன்.

பட்டணத்திலிருந்து பிள்ளைகள் திரும்பும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: வயலைக் கேட்பதற்கு முன், அதில் இப்போது கால் வைத்திருப்பவரிடம் பேசுங்கள். ஒரு போகம் அவகாசம் கொடுங்கள். பேசியதை எழுதி வையுங்கள்.