ஹூக்ளி நதிக்கரையில் ஒரு தகப்பன்



கொல்கத்தாவில் குடியிருக்கும் நம் தமிழ்ச் சபையாரும், அலுவல் நிமித்தம் அந்நகருக்குச் செல்வோரும் ஒரு நாளை ஒதுக்கிக் காணவேண்டிய ஊர் செராம்பூர். ஹவுரா நிலையத்தில் மின்ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரலாம். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள இவ்வூர் 1755 முதல் 1845 வரை டென்மார்க்கு நாட்டின் ஆளுகையில் இருந்தது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிமாரை விரும்பாத அந்நாட்களில், டேனியக் கொடி பறந்த இச்சிற்றூரே அவர்களுக்கு அடைக்கலமாயிற்று. 1800 ஜனவரியில் வில்லியம் கேரி தம் குடும்பத்துடன் இங்கு வந்து குடியேறினார்.

ஆற்றை நோக்கி உயர்ந்த தூண்களுடன் நிற்கும் செராம்பூர் கல்லூரி 1818-இல் தொடங்கப்பட்டது. 1827-இல் டென்மார்க்கு மன்னர் அதற்கு அளித்த சாசனத்தின் வழியாகவே இன்றும் தமிழ்நாட்டின் இறையியல் கல்லூரிகள் பலவற்றில் பயில்வோர் பட்டம் பெறுகின்றனர். 1813-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று அச்சானதும் இவ்வூரின் மிஷன் அச்சகத்திலேதான். கேரி நூலகத்தில் பல மொழிகளின் பழைய வேதாகமங்களைக் காண்போர், ஒரு மனிதன் இத்தனை செய்ய முடியுமா என்று வியந்து திரும்புவர்.

ஆனால் இவ்வூருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் விசுவாசப் பாதையை விட்டு விலகிப்போனதால் உள்ளம் உடைந்திருக்கும் பெற்றோரும், அவர்கள் அருகில் அமர்ந்து ஆராதிக்கும் நாமும் அறியவேண்டிய சரித்திரம் அது.

1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி நதியில் கேரி இருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் கிருஷ்ண பால் என்னும் தச்சர். மற்றவர் கேரியின் மூத்த குமாரன் பீலிக்ஸ். தாயார் மனநோயால் வருந்த, தகப்பனார் ஊழியத்தில் மூழ்கியிருக்க, அவ்வீட்டுச் சிறுவர் கண்டிப்பின்றி வளர்ந்திருந்தனர். பீலிக்ஸை நண்பனாக்கிக்கொண்டு, பொறுமையோடு பேசி, ஆண்டவரண்டை நடத்தியவர் அச்சக வேலையைக் கவனித்த வில்லியம் வார்ட் என்னும் உடன் ஊழியர். முதலாவது இதைக் கவனியுங்கள்: பெற்றோரால் இயலாதபோது, சபையில் ஒருவர் அப்பிள்ளைக்கு நண்பரானார்.

பின்பு பீலிக்ஸ் பர்மாவுக்கு மிஷனரியாகச் சென்றார். ரங்கூனில் மருத்துவம் செய்தார். பர்மிய இலக்கணம் எழுதினார். 1813-இல் அதோனிராம் ஜட்சன் அங்கு வந்து இறங்கியபோது, அவர் தங்கியது பீலிக்ஸ் இருந்த மிஷன் வீட்டிலேதான். 1814-இல் பேரிடி விழுந்தது. அச்சு இயந்திரத்துடன் ஆவா நகருக்குச் சென்ற கப்பல் ஐராவதி நதியில் கவிழ்ந்தது. மனைவியும் பிள்ளைகளும் மாண்டனர். பீலிக்ஸ் மாத்திரம் தப்பினார். அதன்பின் பர்மிய மன்னர் அவரைத் தம் தூதுவராகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஊழியக்காரன் ஆடம்பரப் பிரபுவானான், கடன் பெருகிற்று. தூது தோற்றது, மன்னரின் தயவும் போயிற்று. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் கிழக்கு எல்லையின் காடுகளிலும் மலைகளிலும் அலைந்து திரிந்தார்.

மிஷனரியாயிருந்த என் மகன் தூதுவனாகச் சுருங்கிப்போனான் என்னும் கருத்தில் கேரி வேதனையோடு எழுதினார். ஒரு நாட்டின் தூதுவர் பதவி உலகத்துக்கு உயர்வு, அத்தகப்பனுக்கோ இழப்பு. பீலிக்ஸ் விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலிக்கவில்லை. ஆயினும் நல்ல உத்தியோகத்திலிருந்தும் ஆலயத்தின் வாசலை மிதியாத மகனை எண்ணி அழும் பெற்றோர் அவ்வேதனையை அறிவர்.

அப்படிப்பட்டோர் நம் நடுவில் அநேகர். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் வந்து, ஒற்றை அறையில் குடும்ப ஜெபம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். பிள்ளைகளோ தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டியும் வாசிக்க இயலாமல் வளர்ந்தனர். கல்லூரிக்குப் பின் ஆராதனைக்கு வருவது குறைந்து, ஒரு நாள் நின்றுபோயிற்று. சாட்சி வேளையில் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைக் குறித்துத் துதிக்கும்போது, இத்தாய்மார் தலைகுனிந்து முக்காட்டைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

அவர்களிடம் நாம் நீதிமொழிகள் 22:6-ஐச் சொல்லுகிறோம். பிள்ளையை நடத்தவேண்டிய வழியைக் காட்டும் அவ்வசனத்தை, வழி தவறிய பிள்ளையின் பெற்றோர்மேல் எறியும் கல்லாக்கக் கூடாது. சாமுவேல் தீர்க்கதரிசியின் குமாரர் அவர் வழியில் நடக்கவில்லை (1 சாமுவேல் 8:3). தாம் வளர்த்த பிள்ளைகளே தமக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள் என்று கர்த்தரே ஏசாயா 1:2-இல் முறையிடுகிறார். பரம பிதாவின் வளர்ப்பில் குறை காண நம்மில் யார் துணிவோம்?

1818-இல் சிட்டகாங் சென்ற வார்ட் அங்கே பீலிக்ஸைக் கண்டார். பழைய சிநேகம் அறுந்திருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்படி அவரை வருந்தி அழைத்தார். பீலிக்ஸ் செராம்பூருக்கு வந்தார். அங்கே அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைக்கவில்லை. கையில் வேலையைக் கொடுத்தார்கள். உடற்கூறு பற்றிய நூலை வங்காளத்தில் எழுதினார். மோட்சப் பிரயாணத்தை அம்மொழியில் பெயர்த்தார். தகப்பனின் பணிக்குத் துணை நின்றார்.

ஆகவே அன்பானவர்களே, ஆலய வாசலில் பலர் கேட்க, "உங்கள் மகன் ஏன் வரவில்லை?" என்று வினவாதிருங்கள். அவன் பெயரை ஜெபக் குறிப்பாக ஒலிபெருக்கியில் அறிவியாதிருங்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஆலோசனை சொல்லுமுன் அவர்கள் அழுவதற்கு இடங்கொடுங்கள். அம்மகன் விடுமுறைக்கு வரும்போது அவன் வேலையையும் நலத்தையும் விசாரியுங்கள். முதல் பேச்சிலேயே பிரசங்கம் வேண்டாம். அவனுக்கு வீட்டு வாசலை அடைக்கும்படி பெற்றோருக்கு ஒருபோதும் புத்தி சொல்லாதிருங்கள். லூக்கா 15-இன் தகப்பன், மகன் தூரத்தில் வரும்போதே கண்டான். எதிர்பார்த்திருந்தவன் கண்ணுக்கே அது தெரியும். ஊழியர்களாகிய நாமும், வயதுவந்த மகன் எடுத்த முடிவைக் கொண்டு தகப்பனின் பக்தியை அளக்காதிருப்போமாக.

எல்லாப் பிள்ளைகளும் நம் கண் காணத் திரும்புவார்கள் என்று வாக்களிக்க எனக்கு அதிகாரமில்லை. கேரிக்குக் கிடைத்ததும் நான்கு ஆண்டுகளே. 1822 நவம்பர் 10 அன்று பீலிக்ஸ் மரித்தார். நான்கு மாதங்களுக்குள், 1823 மார்ச் 7 அன்று, வார்டும் வாந்திபேதியால் மரித்தார். 1834 ஜூன் 9 அன்று கேரி இளைப்பாறினார்.

செராம்பூரின் மிஷன் கல்லறைத் தோட்டத்தில் கேரியும் வார்டும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கின்றனர். அங்கே செல்வோர் கேரியின் கல்லறையண்டையில் நின்று ஜெபித்துத் திரும்புகின்றனர். நீங்கள் சென்றால், வார்டின் கல்லறையண்டையிலும் சற்று நில்லுங்கள். உங்கள் சபையில் மகனையோ மகளையோ எண்ணி அழும் ஒரு குடும்பத்தின் பெயரை அங்கே கர்த்தரிடம் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும் முதலாவது அவ்வீட்டுக்குச் செல்லுங்கள். கர்த்தர்தாமே உங்கள் கால்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.