கண்ணாடிக்கு மேல் ஒரு சேலை

டீச்சர் வீட்டில் பரதநாட்டியப் பாடம் நடப்பது கார் நிறுத்தும் இடத்தில். சாயங்காலம் காரை வெளியே எடுத்துச் சாலையோரம் விடுவார். சிமெண்டுத் தரையைக் கழுவிவிடுவது என் வேலை. ஈரம் காய்ந்ததும் மனைப்பலகையையும் தட்டுக்கழியையும் எடுத்து வைப்பேன். முதல் நான்கு மாதம் தட்டடவைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் காலத்தில் இடுப்பு தானாக மேலெழும்பும்போது தட்டுக்கழியின் சத்தம் நின்றுவிடும். "உக்காரு கண்ணு. இன்னும் உக்காரு." அரைமண்டிக்கு அவரிடம் உள்ள ஒரே சொல் அதுதான்.

அதற்கு முன்பு வேறொரு வகுப்பில் சேரப் போயிருந்தேன். ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார்கள். மலேசியாவில் ஐசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். என்னுடையது ஒற்றைப்படை. வேட்டி கட்டிக்கொண்டு ஆண்பிள்ளைகள் வரிசையில் நின்றால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டேன். வந்த வழியெல்லாம் அழுதேன்.

டீச்சர் வீட்டு வாசலில் நிற்கத் துணிவு வந்தது 2019 ஜனவரியில். நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த வாரம் அது. அந்த விருது பெற்ற முதல் திருநங்கை அவர். மதுரைக்காரர். வைஜயந்திமாலாவின் படங்களைப் பார்த்துப் பார்த்தே ஆடப் பழகி, தோழி சக்தி பாஸ்கரோடு தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தவர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரின் வழிவந்த குரு கிட்டப்பா. நர்த்தகி என்ற பெயரே அவர் வைத்ததுதான். அவரிடம் ஏறத்தாழ 15 ஆண்டு குருகுலவாசம். இதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். விருதைப் பற்றி டீச்சர் எதுவும் கேட்கவில்லை. "பதினஞ்சு வருஷம்னு சொன்னியே, அது ஒன் காதுல விழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஐசியை அவர் இன்றுவரை கேட்டதில்லை.

மூன்றாம் வருஷம் முத்துத்தாண்டவர் பதம் ஒன்றுக்கு வந்தோம். தலைவி தோழியிடம் மனசைச் சொல்லும் இடம். அடவில் தடுமாறினாலும் இதில் ஜெயித்துவிடுவேன் என்று நம்பியிருந்தேன். கண்ணைச் சுழற்றினேன், உதட்டைக் கடித்தேன், முந்தானையை விரலில் சுற்றினேன். டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"யாருக்குக் காட்டுற?"

எனக்குப் புரியவில்லை.

"இந்தப் பொம்பள தனியா இருக்கா. தோழிகிட்ட பேசிக்கிட்டிருக்கா. அவகிட்ட வந்து, நீ பொம்பளையான்னு யாரும் கேக்கலையே."

உள்ளே போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்து சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியை மூடினார். அன்று நான் ஆடவில்லை. பஸ் நிறுத்தத்தில், கிளினிக்கில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று பதினைந்து வயதிலிருந்து நான் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் யாருக்கோ நீட்டிய சாட்சி. அந்த நடையை மேடைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். கற்றுக்கொள்வதைவிட, கற்றதென்றே தெரியாமல் உடம்பில் ஏறியதை இறக்குவது கடினமாக இருந்தது. மாதக்கணக்கில் ஆனது.

நர்த்தகியின் தனிச்சிறப்பு, தன்னை இறைவனின் காதலியாக வைத்து ஆடும் நாயகி பாவம் என்பார்கள். அதன் வேர் பாட்டிலேயே இருக்கிறது என்று டீச்சர் ஆழ்வார்களிடம் அழைத்துப் போனார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார். வாளேந்திய குறுநில மன்னரான திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிறார். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் மகளின் குரலில் மட்டுமல்லாமல், அவளை நினைத்துப் புலம்பும் தாயின் குரலிலும் தோழியின் குரலிலும் பதிகங்கள் உண்டு. பாடியவர் ஒருவர், குரல் மூன்று. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கோவில்களில் ஓதப்படும் பாட்டு இது. நம் வீட்டுச் சொத்து இவ்வளவு இருக்க, நாம் எங்கிருந்தோ வந்தவர்கள்போல் ஏன் கூசி நிற்கிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"மகள் அப்புறம். மொதல்ல தாய் பண்ணு" என்றார் டீச்சர்.

தாய் அபிநயத்தில் கையைத் தாழ்த்தி, இடுப்புயரத்தில் இல்லாத ஒரு சிறுமியின் தலையைத் தொட வேண்டும். என் மகள் என்று முகம் சொல்ல வேண்டும். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். என்னைப் பற்றி அடுத்தவரிடம் பேசும்போது 'எம் புள்ள' என்பார். மகன் என்றும் வராது, மகள் என்றும் வராது. அந்தச் சொல்லுக்குள் எங்கள் இரண்டு பேரையும் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார். கையைத் தாழ்த்தினேன். விரல் நடுங்கியது. அந்தச் சிறுமிக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்திருந்தது.

பாட்டு முடிந்தது தெரியவில்லை. கழுத்து வழியே வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடி மேலிருந்த சேலையை எடுத்து மடித்தார்.

"எந்திரிக்கும்போது எடது முட்டி உள்ள போவுது. நாளைக்கு நாட்டடவுலேருந்து பாப்போம்" என்றார்.

நான் காரை உள்ளே விடுவதற்காகப் பலகையை ஓரமாக எடுத்து வைத்தேன்.