அக்டோபர் துரு

இந்த இதழில் பாட்டைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ராஜாவா ரஹ்மானா என்ற பஞ்சாயத்தில்தான் போய் நிற்கும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இந்த மாதம் அவர்கள் இரண்டு பேருக்கும் லீவு கொடுத்துவிட்டு, நம்ம ஹாஸ்டலில் அநேகமாக யாரும் கேட்காத ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பேசுவோம். பெயர் 'அக்டோபர் ரஸ்ட்'. தமிழில் அக்டோபர் துரு. 1996 ஆகஸ்டில் வந்தது. பாடியது 'டைப் ஓ நெகட்டிவ்' என்ற நாலு பேர் குழு, நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதிக்காரர்கள். பெயரைக் கேட்டால் ரத்ததான முகாம் போஸ்டர் மாதிரி இருக்கும். இசையோ கோதிக் மெட்டல்.

"மெட்டலா? தொண்டை கிழியக் கத்துவாங்களே!" என்று அடுத்த பக்கத்துக்குப் போயிடாதீங்க. கொஞ்சம் பொறுங்க. இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் காதல் பாட்டுகள்தான். அதுவும் மெதுவான காதல் பாட்டுகள். 'லவ் யூ டு டெத்' என்ற பாட்டு 7 நிமிடத்துக்கு மேல் ஓடும். 'ஹான்டட்' 10 நிமிடம். மொத்த ஆல்பமும் 72 நிமிடம். நம்ம பசங்க ரீல்ஸில் 30 வினாடி தாங்க மாட்டாங்க என்பது வேறு கதை.

முதலில் இந்த இசை எப்படி இவ்வளவு மெதுவாகவும் கனமாகவும் ஆச்சு என்று பார்ப்போம். கதை இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆரம்பிக்கிறது. பிளாக் சபாத் குழுவின் கிடாரிஸ்ட் டோனி அயோமி, பதினேழு வயதில் இரும்புத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் மெஷினில் கை மாட்டி, இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். கம்பியை அழுத்தினால் வலி. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். சுருதி இறங்கினதும் ஒலி இருட்டாகவும் கனமாகவும் ஆனது. பின்னால் வந்தவர்கள் வலி எதுவும் இல்லாமலேயே அந்தக் கனத்துக்காகச் சுருதியை இறக்கினார்கள். 1991இல் இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் குழு 'கோதிக்' என்ற பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டது. பெண் குரலும் ஆர்கெஸ்ட்ரா சத்தமும் மெட்டலுக்குள் வந்தன. 1993இல் டைப் ஓ நெகட்டிவ் 'பிளடி கிஸ்ஸஸ்' போட்டார்கள். அடுத்தது நம்ம ஆல்பம்.

இப்போ கொஞ்சம் ஃபிசிக்ஸ். சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிரும். இவர்கள் அதை 62 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கினார்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பது பிளஸ் டூவில் படித்ததுதானே. கணக்குப் போட்டால், அதே கம்பியில் இழுவிசை கிட்டத்தட்ட 56 சதவீதமாகக் குறைய வேண்டும். கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் தடித்த கம்பி போடுவார்கள். பேஸ் கிடார் இதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 31 ஹெர்ட்ஸ் பக்கம். மொபைல் ஸ்பீக்கரில் இதெல்லாம் வரவே வராது. ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "என்னடா கொசு மாதிரி இருக்கு" என்று சொன்னால் குற்றம் கொசுமேல் இல்லை. ஹெட்போன் போடுங்க.

ஆல்பம் ஆரம்பிப்பதே ஒரு குறும்புதான். முதல் டிராக்கின் பெயர் 'பேட் கிரவுண்ட்'. எர்த்திங் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் இரைவது மாதிரி 38 வினாடிக்கு வெறும் இரைச்சல். நம்ம செட்டில்தான் ஏதோ கோளாறு என்று கேட்பவர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருக வேண்டும், அதுதான் அவர்கள் திட்டம். ட்ரிப்பிள் ஈ பசங்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறென்ன வேண்டும்? அந்த இரைச்சலும் ஒரு சின்ன நன்றியுரையும் முடிந்த பிறகு ஒரு பியானோ வருகிறது. அதுதான் 'லவ் யூ டு டெத்'. பியானோ, பிறகு கிடார், பிறகு பீட்டர் ஸ்டீலின் குரல். ஆறடி எட்டு அங்குல ஆள் அவர். குரல் கிணற்றடியிலிருந்து வருவது மாதிரி இருக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் மிரட்டவில்லை. 'நான் உனக்குப் போதுமானவனா?' என்று ஒரு பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிற தொனி பாட்டு முழுக்க. அவ்வளவு பெரிய உருவம், அவ்வளவு சின்னக் கேள்வி. எனக்கு இந்த ஆல்பம் பிடித்ததே அங்கேதான்.

ஜோஷ் சில்வரின் கீபோர்டு பின்னணியில் பனி மாதிரி பரவியே இருக்கும். கென்னி ஹிக்கியின் கிடார் அதன்மேல் மெதுவாக ஊரும். டிரம்ஸ் மெஷினில் புரோகிராம் செய்யப்பட்டவை, ஆனால் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. 'கிரீன் மேன்' என்ற பாட்டுக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. முழுநேர இசைக்கு வருவதற்கு முன் ஸ்டீல் நியூயார்க் மாநகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்தவர். பச்சை யூனிஃபார்ம், பச்சை வண்டி. ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் இலைகளாலான முகத்தோடு வரும் 'பச்சை மனிதன்' ஒருவன் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பருவங்களைப் பற்றி ஒரு பாட்டு ஆக்கிவிட்டார். குப்பை அள்ளின வேலையிலிருந்து இப்படி ஒரு பாட்டு!

சரி, காவலூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. எங்க ஊர் ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம். ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறினால் மரங்களுக்கு நடுவே வெள்ளை டோம் தெரியும். வைணு பாப்பு வானாய்வகம். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்தது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டுபிடித்த இடங்களில் எங்க ஊரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982லேயே காலமாகிவிட்டார். அது முடிந்ததை அவர் பார்க்கவில்லை, பெயர் மட்டும் நிற்கிறது.

எங்க ஊரில் அக்டோபர் என்றால் வானம் மூடிக்கொள்ளும் மாதம். வடகிழக்குப் பருவமழை ஏறிவரும், டோம் பல ராத்திரி மூடியே கிடக்கும். நல்ல வானம் தைக்கு மேல்தான். எங்க காட்டில் இலை உதிர்வதும் அப்போதுதான், மாசி பங்குனியில். ஆக வெள்ளைக்காரனின் 'இலையுதிர் அக்டோபர்' எங்களுக்குக் கிடையாது. ஆனால் ஐப்பசியில் சாமைக்கொல்லை முற்றிப் பழுப்பேறி நிற்கும். மழையில் நனைந்தால் அப்படியே துரு நிறம். பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், பழைய ஹெட்போன் ஒன்றையும் பாட்டுப் பட்டியல் ஒன்றையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஆல்பத்தை நான் முதல்முதலில் முழுசாகக் கேட்டது அந்தக் கொல்லை ஓரம்தான். தலைப்பு எனக்குப் புரிய அகராதி தேவைப்படவில்லை.

தமிழ்ப் பாடத்தில் முதற்பொருள் படித்தது ஞாபகம் இருக்கா? குறிஞ்சிக்கு நிலம் மலை, பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. உரிப்பொருள் புணர்தல். இப்போ இந்த ஆல்பத்தைப் பாருங்க. அக்டோபர் மாதம், குளிர், நடுராத்திரி, காடு, காதல். புரூக்ளினில் மலை மட்டும்தான் இல்லை, அது எங்களிடம் இருக்கு. காதலைத் தனியாகச் சொல்லாமல், அதற்கு ஒரு பருவம், ஒரு வேளை, ஒரு நிலம் வைத்துச் சொல்லும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். இல்லை போலிருக்கு.

ஆனால் அதே குறிஞ்சியை வைத்துப் பார்த்தால் ஆல்பத்தின் பெரிய குறையும் தெரியும். நம்ம அகப்பாட்டில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், சில சமயம் தலைவனைக் கிழித்தும் தொங்கவிடுவார்கள். இங்கே பேசுவது ஸ்டீல் ஒருத்தர்தான். அவள் தேவதையாக, பூசாரியாக, நிலவாக வருகிறாள், வாயைத் திறப்பதில்லை. கும்பிடுவதும் ஒருவகையில் வாயை மூடவைப்பதுதானே? 'மை கேர்ள்ஃபிரண்ட்ஸ் கேர்ள்ஃபிரண்ட்' என்ற வேகப்பாட்டில் இது இன்னும் அப்பட்டம், அதை நான் தாண்டிவிடுவேன். நீல் யங் பாடின 'சினமன் கேர்ள்' பாட்டை இவர்கள் திரும்பப் பாடியிருப்பதும் நன்றாக இருந்தாலும் இந்த ஆல்பத்துக்குள் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறது.

இனி எனக்கு முக்கியமான பாட்டு. 'ரெட் வாட்டர்'. ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது, செத்துப்போனவர்களின் இடம் காலியாக இருக்கும் ஒரு வீட்டைப் பற்றியது. காதல் பாட்டுகளுக்கு நடுவில் இது ஏன் என்று முதலில் தோன்றும். போன வருடம் ஆனியில் எங்க ஆயா தவறிப்போச்சு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது, உங்க பக்கமும் அப்படித்தான் இருக்கும். லீவுக்குப் போனேன். கீழே ஆலங்காயம் பக்கம் வெடிச் சத்தம், மேலே மழை. வருடா வருடம் விடியற்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு எங்களைத் துரத்திப் பிடிப்பது ஆயாதான். அன்றைக்கு யாரும் யாரையும் எழுப்பவில்லை. அம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. ஆயா படுக்கும் திண்ணையில் யாரும் உட்காரவில்லை.

நான் ஹெட்போனில் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். "என்னடா கேக்குற?" என்றாங்க அம்மா. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். இங்கிலீஷ் அம்மாவுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒப்பாரியாடா இது? யாரு போயிட்டாங்களாம் இவனுக்கு?" என்று கேட்டாங்க. "வீட்டு ஆளுங்கம்மா. பண்டிகை அன்னிக்கு நெனச்சுப் பாடுறான்" என்றேன். திருப்பித் தருவாங்க என்று பார்த்தேன், தரவில்லை. பாட்டு முடியும்வரை கேட்டாங்க. 6 நிமிடத்துக்கு மேல். முடிந்ததும், "எங்க ஊட்டு ஒப்பாரியில இழுத்து இழுத்துத்தான் பாடுவோம். சீக்கிரம் பாடுனா துக்கம் உள்ளயே நின்னுடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து அரிசி களையப் போயிட்டாங்க. ஆயா போனதிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அன்று சாயந்திரம் வரைக்கும் ஆயா கதைதான்.

மெதுவான பாட்டு எதற்கு என்ற கேள்விக்கு அம்மா சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வேண்டுமானால் எங்க ஊர்க்காரனாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2.34 மீட்டர் ஆடி, இருட்டில் விரிந்த நம்ம கண்மணியைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். அப்படியிருந்தும் மங்கலான நட்சத்திரத்துக்கு அதுவே நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் திறந்து காத்திருக்க வேண்டும். மங்கலானவை அவசரத்தில் பதியாது. காதலில் வரும் தயக்கமும், திண்ணையில் ஒரு காலி இடமும் அந்த ரகம்தான். மூணு நிமிடப் பாட்டில் அவை தெரியாது.

பீட்டர் ஸ்டீல் 2010 ஏப்ரல் 14 அன்று இறந்தார். நமக்குச் சித்திரை முதல் நாள். வயது 48. அதோடு குழுவும் முடிந்தது. சாவைப் பற்றி அவ்வளவு பாடின மனுஷன், கடைசியில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தச் சின்னக் கேள்வியால்தான்.

எப்படிக் கேட்பது என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். செமஸ்டர் லீவில் கேளுங்க, இன்டர்னல் சமயத்தில் வேண்டாம். லைட்டை அணையுங்க. ரூம்மேட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்க, இல்லாவிட்டால் வார்டனிடம் போய் நிற்பான். முழுசாக முடியாதென்றால் 'லவ் யூ டு டெத்', 'ரெட் வாட்டர்', 'பர்ன்ட் ஃபிளவர்ஸ் ஃபாலன்', இந்த மூன்று போதும். பிடித்திருந்தால் ஹெட்போனை வீட்டில் ஒருத்தருக்குக் கொடுத்துப் பாருங்க. பாஷை புரியாதே என்று நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. என்ன கேட்கிறாங்க என்று பாருங்க, எனக்கும் எழுதுங்க.