ஓடைப் பாலமும் ஹோப் காலேஜ் பாலமும்

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டு மேம்பாலத்துல போயிருக்கீங்களா? கோல்டுவின்ஸ்ல ஏறினா உப்பிலிபாளையத்துல எறங்கிக்கலாம். 10.1 கிலோமீட்டர். 2025 அக்டோபர்ல திறந்து ஜி.டி. நாயுடு பேரை வெச்சாங்க.

போன மாசம் அக்கா பையனோட அதுல போனேன். பாலம் கட்டுற வேலையில இருக்கறவன். ஹோப் காலேஜ்கிட்ட வந்ததும், "மாமா, கீழ ரயில் பாதைங்க. இந்த எடத்துல அடியில இருக்கறது எஃகு உத்திரம், மேல கான்கிரீட் தளம்"னான்.

எனக்கு வயிறு ஒரு தடவை கலங்குச்சு. எங்க ஓடைப் பாலமும் இரும்பும் கான்கிரீட்டும்தான்.

எங்க தோட்டத்துக்குப் போற வழியில பன்னண்டடி ஓடை. பழைய இரும்புக் கடையில தண்டவாளத் துண்டு ரெண்டு வாங்கிப் போட்டு, மேல அஞ்சு அங்குலம் கான்கிரீட் போட்டிருந்தேன். மூணு வருசம் நின்னுச்சு. அப்புறம் ஒருநாள் தேங்காய் லோடோட டிராக்டர் ஏறினப்ப படார்னு சத்தம். தளம் வெடிச்சு, ஒரு பக்கமா நகந்துருச்சு. டிரெய்லர்ல தேங்காய் மேல என் சம்சாரம் உக்காந்திருந்தா. குடை சாயல, அவ்வளவுதான்.

ஏன்டா அப்படி ஆச்சுன்னு கேட்டேன்.

"நீங்க தளத்தை இரும்பு மேல சும்மா வெச்சிருக்கீங்க மாமா. ஒரே அளவுல ரெண்டு பலகையை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு மிதிச்சா, ரெண்டும் தனித்தனியா வளையும், ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். வழுக்காம இறுக்கி ஒட்டிட்டா, முன்ன வளைஞ்சதுல கால்வாசிதான் வளையும்."

பெரிய பாலத்துல உத்திரத்தோட தலையில கட்டை வெரல் தடிமனுக்கு, காளான் மாதிரி கொண்டை வெச்ச இரும்புக் குச்சிகளை வரிசையா வெல்டு பண்ணுவாங்களாம். ஸ்டட்னு பேரு. கான்கிரீட் அதைச் சுத்தி இறுகிட்டா ரெண்டும் ஒரே உடம்பு. மேல நசுக்குறதைக் கான்கிரீட் தாங்கும், கீழ இழுக்கறதை எஃகு தாங்கும்.

"நடுவுலதான வளையுது, அங்கதான நெறைய ஸ்டட் வேணும்?"னேன்.

"இல்லீங்க மாமா. வழுக்கற வேகம் ரெண்டு ஓரத்துலதான் அதிகம். அங்கதான் நெருக்கமா வெக்கணும்."

ரயில் பாதை மேல முட்டுக் கொடுத்து மாசக்கணக்குல கான்கிரீட் போட முடியாது. எஃகு உத்திரத்தை வேற எடத்துல செஞ்சு, ரயிலை நிறுத்தற சில மணி நேரத்துல கிரேன்ல தூக்கி வெச்சர்லாம். எடையும் கம்மி. சென்னையில தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை பாலத்துக்கு எஃகைத் தேர்ந்தெடுத்ததும் அதனாலதான். அண்ணா சாலைக்கு அடியில மெட்ரோ சுரங்கம் போகுது.

ஓடைப் பாலத்தைத் திரும்பக் கட்டிட்டேன். தண்டவாளம் வேண்டாம்னுட்டான், அதுல கரி சேர்மானம் அதிகம், வெல்டு வெச்ச எடத்துல விரிசல் விடுமாம். ஐ பீம் ரெண்டு வாங்கி, அவன் சொன்ன கணக்குல ஸ்டட் வெல்டு பண்ணி, அடியில தென்னை மரத்துல முட்டுக் கொடுத்துத் தளம் போட்டோம். இருபத்தெட்டு நாள் முட்டைத் தொடல. தண்ணி கட்டறது மட்டும் அவன் சொல்லித்தர வேண்டியதில்லாம போச்சு.

போன வாரம் மொதல் லோடு தாண்டுச்சு. தளம் அசையல. ஆனாலும் சம்சாரத்தை எறக்கி, பின்னால நடந்து வரச் சொல்லிட்டுத்தான் டிராக்டரை ஏத்தினேன்.