பத்து மில்லிமீட்டர்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்

மனிதன் உயரத்தை விரும்புகிறான். வீடு கட்டினால் மாடி வேண்டும் என்கிறான். மேடை போட்டால் இன்னும் ஓர் அடி உயர்த்து என்கிறான். ஆனால் கார்ப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர்களோ தங்கள் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தத் தவம் கிடக்கிறார்கள். இது என்ன விந்தை என்று கேட்கும் நண்பர்களுக்காகவும், "ஸ்பிரிங் சூத்திரம் வாழ்க்கையில் எங்கே அண்ணா பயன்படும்?" என்று என்னைக் கேட்ட முதலாண்டுத் தம்பிகளுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கோவை கணபதியில் என் தாய்மாமன் ஒரு சிறு லேத் பட்டறை நடத்துகிறார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். இவ்வளவே அவர் சொத்து. மாலையில் கல்லூரி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். பம்ப் செட் பாகங்கள்தாம் எங்களுக்குச் சோறு போடுபவை. ஆயினும் கோவை பந்தயக் கார்களுக்கும் பேர்போன ஊர் அல்லவா? மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. அவர் பெயர் தாங்கிய பந்தயத் தளம் 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்டது. ஆகவே எப்போதாவது ஒரு கார்க்காரர் எங்கள் வாசலிலும் வந்து நிற்பதுண்டு.

காரைத் தாழ்த்துவது ஏன்? விடை நம் பாடநூலிலேயே இருக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை மாறுகிறது. அந்தச் சுமை மாற்றம், ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உயரம் குறைந்தால் நான்கு டயர்களும் சுமையை ஓரளவு சமமாகப் பகிர்ந்துகொண்டு தரையைப் பற்றும்.

அப்படியானால் தாழ்த்தத் தாழ்த்த நன்மைதானே? அதுதான் இல்லை! இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்களைத் தாங்குவது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அமைப்பு அது. 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களால் புகழ்பெற்றது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும்; தூணின் தலை காரின் உடலோடு போல்ட்டால் பிணைந்திருக்கும்; அடியில் ஒரு கை போன்ற 'ஆர்ம்' சக்கரத்தைப் பிடித்திருக்கும். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் அந்த ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட, சாய்க்கும் திருப்புத்திறனும் கூடும். சாயாதிருக்கத் தாழ்த்திய கார் முன்னைவிட அதிகம் சாய முற்படும்! அதிகமாகத் தாழ்த்திவிட்ட காரைச் சில மில்லிமீட்டர் மட்டும் திரும்ப உயர்த்துவதற்குத்தான், ஸ்ட்ரட்டின் தலைக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒரு தட்டு வைக்கிறார்கள். புத்தகத்தில் அதற்கு 'ஸ்பேசர்' என்று பெயர். எங்கள் பட்டறை மொழியில் 'பேக்கிங்'.

சென்ற ஆண்டு ஆடி மாதம். வேலை மந்தம், கரண்ட் பில் கட்டவேண்டிய வாரம். ஓர் இளைஞர் பழைய எஸ்டீம் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மாமா கேட்ட முதற்கேள்வி: "ரோட்டுல ஓட்டறதுங்களா, டிராக்குலயா?"

காரணமில்லாமல் கேட்கவில்லை. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு மாமா இந்த வேலையைத் தொடுவதில்லை.

"டிராக்குல மட்டும்தாங்ணா. இடது பக்கம் எறங்கி நிக்குது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் எட்டு எம்.எம். பேக்கிங் ஒண்ணு போட்டுக் குடுங்க."

அரைநாள் வேலை, கையில் காசு. ஆனால் மாமா லேத்தைத் தொடாமல் டேப்பை எடுத்தார். சமதரையில் காரை இறக்கி, டயர்களில் காற்றைச் சமமாக்கி, முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தச் சொன்னார். உருட்டாமல் அளந்தால் டயரின் பிடிப்பில் ஸ்பிரிங் முழுமையாக இறங்காமல் பொய் அளவு காட்டும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தோம். வலது 330, இடது 322. இளைஞர் சொன்ன எட்டு சரிதான். ஆனால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது?

குனிந்து பார்த்ததும் தெரிந்தது. ஸ்பிரிங்குகளைக் காஸ் கட்டரால் யாரோ அறுத்திருந்தார்கள். ஆறு சுற்றில் வலப்புறம் ஒன்று போயிருந்தது; இடப்புறம் ஒன்றேகால்.

நண்பர்களே, நம் சூத்திரத்தை நினைவுகூருங்கள். சுருள்வில்லின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு ஐந்தானால் விறைப்பு 20 விழுக்காடு கூடும். ஐந்துக்கும் நாலேமுக்காலுக்கும் இடையே மேலும் 5 விழுக்காடு வேறுபாடு. அதாவது அந்தக் காரின் இரு தோள்களும் இரு வேறு குணம் கொண்டவை. போதாததற்கு, காஸ் சுடர் பட்ட இடத்தில் எஃகின் பதமும் கெட்டிருக்கும்.

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, பேக்கிங் போட்டா வண்டி நேரா நிக்கும், பாக்க அழகா இருக்கும். ஆனா இடது வளைவுல ஒரு குணம், வலது வளைவுல ஒரு குணம் காட்டும். நேரா நிக்குதுன்னு நம்பித்தான நீங்க வேகமாப் போவீங்க? ஜோடி ஸ்பிரிங் வாங்கிட்டு வாங்க, செஞ்சு தர்றனுங்க."

இளைஞருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரில் வேறு லேத் இல்லையா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரக் கரண்ட் பில்லுக்கு அத்தை சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். "ஒரு தட்டுதானே மாமா, செய்து கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். "உசரத்த நான் திருத்துவேன் கண்ணு. கொணத்தத் திருத்த எங்கிட்ட லேத் இல்லை" என்றார்.

மூன்று வாரம் கழித்து அதே இளைஞர் அதே காரோடு வந்தார், ஜோடியான புது ஸ்பிரிங்குகள் பூட்டி. இப்போது இருபுறமும் 325. திரும்பும்போது டயர் உள்மட்கார்டில் உரசுகிறது; ஆர்மும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. 335 வேண்டும். மெக்பர்சன் அமைப்பில் தட்டின் கனம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே கார் உயரும். ஆகவே பத்து மில்லிமீட்டர், இரண்டு தட்டுகள்.

வாஷர்களை அடுக்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வாஷர் போல்ட்டைச் சுற்றி மட்டுமே தாங்கும். அடுக்கடுக்காக இருக்கும் முகங்கள் அதிர்வில் ஒன்றில் ஒன்று அழுந்தி, போல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும். ஒரே துண்டாக, முழு முகமும் தாங்கவேண்டும்.

ஸ்ட்ரட்டின் தலையில் மை தடவி அட்டையில் ஒற்றி அச்செடுத்தோம். 6061 அலுமினியத் தண்டிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இரு வில்லைகள் அறுத்தோம். சக்கில் பிடித்து ஒருமுகம் கடைந்து, திருப்பி, சக்கின் பல் பதியாமலிருக்கச் செப்புத் தகடு கொடுத்து மறுமுகம் கடைந்தார் மாமா. சூடாக இருக்கும்போது அளக்க விடமாட்டார். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் தட்டு 30 டிகிரி சூடேறினால் விட்டத்தில் 0.07 மில்லிமீட்டர் விரிந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அது எனக்குக் கையிலயே தெரியும்" என்று சிரித்தார். ஆறியபின் மைக்ரோமீட்டரால் நான்கு இடங்களில் அளந்தோம். எங்கும் 0.02க்கு மேல் வேறுபாடில்லை. அச்சுப்படி துளையிட்டு, ஓரப் பிசிர்களை அரத்தால் நீக்கினோம்.

தட்டு பத்து மில்லிமீட்டர் என்றால் போல்ட்டும் பத்து மில்லிமீட்டர் நீளவேண்டும். நட்டுக்கு வெளியே மரை தெரியவேண்டும். 8.8 முத்திரையுள்ள போல்ட்டுகளே வாங்கினோம். முதல் எட்டு, 800 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கும். அடுத்த எட்டு, அதில் 80 விழுக்காடுவரை நிரந்தரமாக நீளாது என்பதைக் குறிக்கும். பூட்டி, உருட்டி, அளந்தோம். இருபுறமும் 335. உயரம் மாறினால் சக்கரங்களின் நேர்கோடும் மாறும். ஆகவே அலைன்மென்ட் பார்க்கும்படியும், முதல் ஓட்டத்துக்குப் பின் நட்டுகளை மறுபடி இறுக்கும்படியும் சொல்லி அனுப்பினார் மாமா.

இன்று திருகினால் உயரம் மாறும் ஸ்ட்ரட்டுகள் கடையிலேயே கிடைக்கின்றன. கணினியில் அளவைக் கொடுத்தால் தானே கடையும் இயந்திரங்கள் அடுத்த தெருவில் ஓடுகின்றன. மாமாவின் லேத்துக்குப் பின் அதில் நிற்க யாரும் இல்லை. நான் வங்கித் தேர்வு எழுதவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எந்தப் பக்கம் போவேன் என்று இந்த மலர் வெளிவரும் நாளிலும் நான் முடிவு செய்திருக்கமாட்டேன்.

ஆனால் எங்கே போனாலும் ஒன்றை எடுத்துச் செல்வேன். அந்தத் தட்டுகள் பானெட்டுக்கடியில், இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் மறைந்திருக்கின்றன. கார் ஓட்டுபவருக்கும் தெரியா. நாமும் நாளை அலுவலகத்திலோ, பள்ளியிலோ, பட்டறையிலோ அப்படி யார் கண்ணுக்கும் படாத இடத்தில் சுமை தாங்கப் போகிறவர்கள்தாம். கோணலாக நிற்கும் ஒன்றை நேராகக் காட்டித் தரும்படி நம்மிடமும் கேட்பார்கள். கையில் காசோடு வந்து கேட்பார்கள். அப்போது தட்டைக் கடைவதற்கு முன், ஸ்பிரிங்கைக் குனிந்து பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். அதைப் பட்டறையில் கற்றேன். அதற்கான கணக்கை இக்கல்லூரியில் கற்றேன். இரண்டுக்கும் நன்றியுடையேன்.