கிராம் எட்டு ரூபாய்

'பிஎல்ஏ: கிராம் 8 ரூபாய். ஏபிஎஸ்: கிராம் 10 ரூபாய். டிசைன் தனி.' கோயம்புத்தூர் கணபதியில், லேத் பட்டறை ஒன்றின் மாடியறைச் சுவரில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முப்பரிமாண அச்சில் மாதிரிகள் செய்துகொடுக்கும் இடம் அது. வேலையை எடைபோட்டா விற்பார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அறையின் உரிமையாளர் சிரித்தார். அவர் முன்பு ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவர். "வர்றவங்க பூரா ஃபவுண்டரிக்காரங்க, பம்புக்காரங்க சார். வார்ப்பை கிலோ கணக்குல வாங்கி வித்துப் பழகுனவங்க. இத்தனை மணி நேரம் ஆச்சுன்னா சண்டைக்கு வருவாங்க. இத்தனை கிராம்னா தலையாட்டிட்டுப் போயிருவாங்க."

மேசையில் ஆறு இயந்திரங்கள். இரண்டு பழையவை, திறந்த சட்டம் கொண்டவை. மற்றவை கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிகள். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள, பிஎல்ஏ அல்லது ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக் இழை சுருளிலிருந்து அவிழ்ந்து, 200 டிகிரிக்குமேல் சூடான முனைக்குள் போய் உருகி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே வருகிறது. ஓர் அடுக்கு 0.2 மில்லிமீட்டர் உயரம். பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு 500 அடுக்குகள். பார்த்துக்கொண்டே நிற்கலாம் என்று தோன்றும். கால் மணி நேரத்தில் சலித்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்தது ஒரு சிறிய இம்பெல்லரின் கோர் பாக்ஸ். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்தான் இம்பெல்லர். அதன் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வளைந்த இறக்கைகளும், அவற்றுக்கிடையே நீர் ஓடும் பாதைகளும் இருக்கும். வார்க்கும்போது அந்தப் பாதைகள் இரும்பால் அடைந்துவிடாதபடி அதே வடிவத்தில் மணலில் ஒரு கருவைச் செய்து உள்ளே வைப்பார்கள். அந்தக் கருவை அடித்தெடுக்கும் அச்சுப்பெட்டிதான் கோர் பாக்ஸ். பழைய பம்பு ஒன்றின் இம்பெல்லர் தேய்ந்துபோய், அதைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லாத நிலையில், உடைந்த துண்டை அளந்து வரைந்து இதை அச்சிடுகிறார்கள்.

இதன் எடை 300 கிராம். விலை 2,400 ரூபாய். உள்கணக்கைக் கேட்டேன். மறைக்காமல் கால்குலேட்டரைத் தட்டினார். கிலோ 900 ரூபாய் இழையில் 270 போகிறது. 20 மணி நேர ஓட்டத்துக்கு மின்சாரம் இரண்டரை யூனிட்கூட வராது, 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டார். இயந்திரம் 60,000 ரூபாய். 4,000 மணி நேரத்தில் அதன் காசை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு, ஆக மணிக்கு 15, மொத்தம் 300. எல்லாம் சேர்ந்தும் 600 ரூபாய் வரவில்லை.

"அப்போ மிச்சம் லாபமா?"

"பின்னாடி ரூமுக்கு வாங்க சார்."

பின்னறையில் அறுபதைத் தாண்டிய ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து, முந்தைய நாள் அச்சான பெட்டியின் பாதியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே என்.சி. பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் வார்னிஷ். ஒரு பெட்டிக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். அந்த 2,400 ரூபாயில் பெரிய பங்கு இந்த முக்காலிக்குத்தான் வருகிறது. அச்சில் வந்தபடியே பெட்டியைக் கொடுத்தால் அடுக்குக் கோடுகள் மணலைக் கவ்விக்கொள்ளும். கரு பிய்ந்துகொண்டுதான் வெளியே வரும்.

அவர் நாற்பது வருடம் மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கு மணலில் பதிக்கும் மாதிரி வடிவம், செய்தவர். தச்சுவேலை குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பீளமேட்டில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் கைவேலைக்குச் சேர்ந்தவர். 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து, மில்கள் பெருகி, மில்லுக்கு உதிரிபாகம், கிணற்றுக்கு மோட்டார், பம்பு என்று ஊரே வார்ப்பிலும் லேத்திலும் இறங்கிய கதை பலரும் எழுதியதுதான். அந்தக் கதைகளில் பேட்டர்ன்காரர்கள் அதிகம் வருவதில்லை. இந்த ஊரில் வார்த்த ஒவ்வொரு பம்புக்கும் முன்னால் ஒரு தேக்கு வடிவம் இருந்தது. அதைச் செதுக்கிய கை ஒன்றும் இருந்தது.

அவர் பையிலிருந்து ஓர் எஃகு அளவுகோலை எடுத்துக் காட்டினார். பார்க்கச் சாதாரண ஸ்கேல்தான். பக்கத்தில் நம் ஸ்கேலை வைத்தால்தான் கள்ளம் தெரிகிறது: இதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கொஞ்சம் நீளம். கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல் என்கிறார்கள். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கும். அலுமினியம் ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேல், எஃகு இரண்டு. 200 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் இரும்புக்கு 202ஆக பேட்டர்ன் செய்ய வேண்டும். ஒவ்வோர் அளவையும் பெருக்கிக்கொண்டிருக்காமல் ஸ்கேலையே நீட்டிவிட்டார்கள்.

கணினியில் இது இன்னும் சுலபம். வரைந்ததை அடுக்குகளாக வெட்டிக்கொடுக்கும் ஸ்லைசர் மென்பொருளில் 101 சதவீதம் என்று அடித்தால் முடிந்தது. முன்னறையில் வரைகிற இளைஞர் அப்படித்தான் செய்திருந்தார். பெரியவர் திரையருகே போய், நடுவே தடித்து நிற்கும் 'பாஸ்' பகுதியைப் பார்த்தார்.

"தம்பி, இந்த நடு பாஸுக்குள்ள கோர் நிக்குமில்ல? அது நிக்கற எடத்துல இரும்பு முழுசாச் சுருங்காது கண்ணு, மணல் புடிச்சுக்கும். அங்க நூத்தியொண்ணு வேண்டாம், பாதி போதும்."

"சரிங்ணா. இறக்கை?"

"இறக்கை சொவரு நட்டுக்குத்தலா நிக்குது பாரு. கோரை எப்படித் தூக்குவாங்க? ஒண்ணரை டிகிரி சாய்ச்சு வையி. அடியில முக்கு இருக்கக் கூடாது, வளைவு குடு."

இதற்கு அரை மணி நேரம் ஆனது. ரசீதில் இதற்கென ஒரு வரி கிடையாது. 'டிசைன் தனி' என்று சுவரில் இருந்தாலும், வருகிறவர்கள் முதலில் பேரம் பேசுவது அங்கேதான். 'கம்ப்யூட்டரே போட்டுடுதே, அதுக்கு எதுக்கு காசு?' இயந்திரத்தின் விலை எல்லாருக்கும் தெரிந்துபோனதால் வந்த வினை இது என்று எனக்குப் படுகிறது. இணையத்தில் 20,000 ரூபாய்க்குள் அச்சு இயந்திரம் கிடைக்கிறது என்று வாடிக்கையாளர் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். கருவாகப்போகும் மணல் எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு எந்தக் கடையிலும் எழுதிவைக்கப்படவில்லை.

இயந்திரம் மலிவானதற்கு ஒரு தேதி உண்டு. ஒளியால் பிசினை இறுகவைத்து அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் முறைக்கு அமெரிக்காவின் சக் ஹல் 1986இல் காப்புரிமை பெற்றார். உருகிய பிளாஸ்டிக்கை இழையாகப் பிழிந்து அடுக்கும் முறை ஸ்காட் கிரம்ப்புடையது. மகளுக்குத் தவளை பொம்மை செய்யச் சூட்டுப் பசைத் துப்பாக்கியை எடுத்ததில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். அதற்கான காப்புரிமை 2009இல் முடிந்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரத்தின் வரைபடங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தது. காப்புரிமை முடிந்ததும் அந்த வரைபடங்களை வைத்து ஆளாளுக்கு இயந்திரம் கட்டினார்கள். பல லட்சம் ரூபாய்க்குப் பெரிய கம்பெனிகளின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது, லேத் பட்டறை மாடிக்கு ஏறி வந்தது.

மென்பொருளிலும் இந்தத் தாராளம் தெரிகிறது. அலெசாண்ட்ரோ ரனெலூச்சி எழுதிய ஸ்லிக்3ஆர் என்ற ஸ்லைசரிலிருந்து புரூசாஸ்லைசர், அதிலிருந்து பாம்பு ஸ்டுடியோ, அதிலிருந்து ஆர்கா என்று ஒன்றின்மேல் ஒன்றாக வளர்ந்தவை, எதற்கும் காசில்லை. வரையும் மென்பொருளில்தான் சிக்கல். சாலிட்வொர்க்ஸ் உரிமம் லட்சங்களில் போகும். ஃபியூஷனின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். தொழிலுக்கு வருடச் சந்தா கட்ட வேண்டும். இந்த அறையில் ஒரே ஒரு சந்தா எடுத்துவிட்டு, மற்ற வேலைகளை ஃப்ரீகேடில் செய்கிறார்கள். அது 1.0 என்ற பதிப்பு எண்ணை எட்டியதே 2024 நவம்பரில்தான். இளைஞர் அதைத் திட்டிக்கொண்டேதான் பயன்படுத்துகிறார்.

வரைந்ததை எஸ்டிஎல் கோப்பாக மாற்றும்போது வளைவுகளெல்லாம் சிறுசிறு முக்கோணங்களாகிவிடும். முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் இறக்கையின் வளைவு பட்டை பட்டையாக அச்சாகும். வார்த்த இரும்பிலும் அந்தப் பட்டை இருக்கும், நீரோட்டத்தை இடறும். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இதைக் கண்டுபிடிக்கிறார்.

மரம் போனதில் வருத்தமா என்று கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மரத்துல இந்தப் பெட்டிக்குப் பத்து நாளாகும். இப்ப மூணு நாள்ல போயிருதுங்க. ஆனா மரத்துல ஒரு நூல் கூட வெச்சிருந்து கடைசில செதுக்கிக்குவேன். இதைச் செதுக்க முடியாது. அழுத்தித் தேச்சா சூடாயி இளகிக்குது." பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கினாலே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்த பேட்டர்ன் வளைந்துபோய்த் திரும்பி வந்த கதையும் இங்கே உண்டு.

ஊரின் நகைப் பட்டறைகளில் அச்சு வேறு மாதிரி நுழைந்திருக்கிறது. அங்கே பிசின் இயந்திரங்கள். மோதிரத்தை எரிந்துபோகும் பிசினில் அச்சிட்டு, ஜிப்சக் கலவையில் பொதிந்து, சூளையில் 700 டிகிரிக்குமேல் எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை ஊற்றுகிறார்கள். அங்கே பிசின் விலையை யாரும் பேசுவதில்லை. தங்கத்துக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

முடிந்த கோர் பாக்ஸோடு ஃபவுண்டரிக்குப் போனோம். கோர் அடிக்கும் பகுதியில் பெண்களே அதிகம். சிலிகேட் கலந்த மணலைப் பெட்டியில் இடித்து நிரப்பி, குழாயால் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் மணல் இறுகிக்கொள்ளும். சூடு தேவைப்படாத முறை என்பதால் பிளாஸ்டிக் பெட்டி தாங்குகிறது. சூடான பெட்டியில் கோர் சுடும் இடங்களில் இதற்கு வேலையே இல்லை, உலோகம்தான் வேண்டும்.

பெட்டியைக் கையில் வாங்கிய அக்கா முதலில் அதன் எடையைப் பார்த்தார். "இதென்னுங்க, தக்கை மாதிரி. இடிக்கறப்ப நகருமே." ஒரு பலகையில் திருகி முடுக்கிக் கொடுத்தார்கள். மணலை இடித்து, வாயு விட்டு, மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி, மெல்லத் தூக்கினார். ஐந்து இறக்கை இடைவெளிகளும் முழுசாக வந்தன. இரண்டாவது கருவில் ஒரு முனை உதிர்ந்தது. அவர் பெட்டிக்குள் விரலை விட்டு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்: வார்னிஷ் சரியாக ஏறாத மூலை. பிடித்துத் தூக்க இரண்டு பக்கமும் காது வைக்கச் சொன்னார். உரிமையாளர் அலைபேசியில் குறித்துக்கொண்டார்.

இந்த ஆர்டருக்கு 25 இம்பெல்லர்கள்தான். அதற்கு இந்தப் பெட்டி போதும். ஆயிரம் என்று வந்தால் பிளாஸ்டிக் பெட்டி தேய்ந்துவிடும் என்பதால், அச்சிட்டதை மாதிரியாக வைத்து அலுமினியத்தில் ஒரு பெட்டி வார்த்துக்கொள்வார்கள். அப்போது சுருக்கம் இரண்டு தடவை வரும்: முதலில் அலுமினியத்துக்கு, பிறகு அதில் அடித்த கருவைச் சுற்றி ஆறும் இரும்புக்கு. 200 மில்லிமீட்டருக்கு அச்சிட வேண்டியது 204.6. நடு பாஸில் எவ்வளவு குறைப்பது என்று கேட்டதற்கு இளைஞர் உடனே பதில் சொல்லவில்லை. பின்னறைக்குப் போன் செய்தார்.