பக்கத்து வீட்டு மூத்தாப்பா

எங்கள் வீட்டுக் கடப்புக்குப் பகலிலும் பூட்டுப் போட்டிருப்போம். வருகிறவர்கள், "கள்ளனுக்கு இவ்வளவு பயமா?" என்று சிரிப்பார்கள். கள்ளனைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை. உள்ளே இருக்கிற மூத்தாப்பா வெளியே போய்விடுவார் என்பதுதான் பயம். சாவி உம்மம்மாவின் முந்தானையில் முடிச்சாக இருக்கும். அவர் தொழும்போது மட்டும் அது என் கைக்கு வரும்.

மூத்தாப்பாவுக்கு 77 வயது. மறதிநோய், டிமென்சியா என்று வைத்தியர் சொல்லி ஐந்து வருடமாகிறது.

மருதமுனையில் பிறந்தவர்களுக்கு இரண்டு சத்தங்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று தறிச் சத்தம். மற்றது அஸருக்குப் பிறகு மைதானத்தில் இருந்து வரும் சத்தம். மூத்தாப்பா இரண்டிலும் இருந்தவர். பகலில் சாரன் நெய்வார், மாலையில் பந்து. 17 வயதில் தொடங்கி 40 வயது நெருங்கும்வரை ஊர்க் கழகம் ஒன்றில் பெக்காக விளையாடினார். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று லொறியில் நின்றுகொண்டே போவார்களாம். உயரமான மனிதர். கோர்ணர் வந்தால் எல்லோருக்கும் மேலே அவருடைய தலைதான் தெரியும் என்று வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். ஊரில் அவருக்கு இருந்த பட்டப்பெயரும் தலையைச் சேர்த்ததுதான். அதை இங்கே எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், ஆகவே விடுகிறேன்.

வளவில் நின்ற மாமரத்தில் கயிற்றால் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நெற்றியால் அடித்துப் பழகுவாராம். அந்தக் காலத்துப் பந்து தோலால் தைத்தது, வாயை வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். காய்ந்திருந்தால் இன்றைய பந்தின் நிறைதான், 410 கிராமுக்கும் 450 கிராமுக்கும் இடையில். மாரி காலத்தில் மழைத்தண்ணீரைக் குடித்துவிட்டால் கல். அந்த வார் முடிச்சுப் பட்ட தழும்பு மூத்தாப்பாவின் நெற்றியில் இன்னும் இருக்கிறது. தொழுகையால் வந்த அடையாளத்துக்குச் சற்று மேலே.

நோய் வந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. உப்பு வாங்கப் போனவர் சீனியோடு வந்தார். அது யாருக்கும் நடப்பதுதானே. பிறகு ஒருநாள் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வந்து, வுளூச் செய்துகொண்டு மறுபடியும் அஸருக்குப் புறப்பட்டார். மூன்றாவது தரமும் புறப்பட்டபோதுதான் உம்மம்மா பயந்துபோய் உம்மாவைக் கூப்பிட்டார். புத்தி தடுமாறியவர்மீது கடமையில்லை என்று மௌலவி ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலும் மூத்தாப்பாவுக்கு மறந்துவிடும்.

எங்கள் பழைய வீடு கடற்கரையோரம் இருந்தது. 2004 டிசம்பர் 26 அதைக் கொண்டுபோய்விட்டது. உம்மாவின் தங்கையையும் கொண்டுபோனது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. இப்போது அங்கே கிணறு மட்டும் இருக்கிறது. மூத்தாப்பாவுக்கோ அந்த வீடு இன்னும் நிற்கிறது. "நான் ஊட்ட போகப்போறன்" என்று இரவு இரண்டு மணிக்கு எழும்புவார். கடந்த மாரியில் ஒருநாள் போயேவிட்டார். கடலுக்குப் போகவிருந்தவர்கள், கிணற்றடியில் நனைந்துகொண்டு நின்றவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள். அன்றுதான் பூட்டு வாங்கினோம்.

அதைவிடக் கஷ்டம் அவர் சாச்சியைக் கேட்பது. "சின்னவள் இன்னும் வரல்லயா?" ஆரம்பத்தில் உம்மா உண்மையைச் சொன்னார். மூத்தாப்பா அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் அழுதார். அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் அதே மௌத்துச் செய்தி, அதே அழுகை. நான்காம் நாள் உம்மா, "வருவா வாப்பா, நீங்க சாப்பிடுங்க" என்றார். பகிடிக்கும் பொய் சொல்லக்கூடாது என்று எங்களை வளர்த்த உம்மா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் வெகுநேரம் நின்றார்.

கட்டாரில் இருக்கும் மாமா மாதாமாதம் காசு அனுப்புகிறார். மருந்துக்கு அது காணும். இரவில் விழித்திருக்க யார் இருக்கிறார்கள்? உம்மா தையல் ஓடர் எடுப்பதை நிறுத்திவிட்டார். உம்மம்மா வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார், அவரைத் தாண்டாமல் மூத்தாப்பா போக முடியாது என்று. கல்யாணம் முடித்து 53 வருடம். அவரைப் பார்த்து, "யாரு இந்தக் கெழவி, இவவ அனுப்பி விடுங்க" என்பார் மூத்தாப்பா. உம்மம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, வேறு ஆள்போல முன்வாசலால் பிளேன்டீயோடு வருவார். ஒருநாள் அதைக் குடித்துவிட்டு மூத்தாப்பா, "நீங்க நல்ல மனிசி" என்றாராம். "53 வருசத்துல இண்டைக்குத்தான் சொல்லியிருக்கார்" என்று உம்மம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இனி நான் செய்ததை எழுத வேண்டும்.

கடந்த வருடம் டியூசன் முடிந்து என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் குறிப்பு எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். மூத்தாப்பா பெனியன் இல்லாமல், சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். "நீ யார்ர மகள்?" என்று ஒருத்தியைக் கேட்டார். அவள் சொன்னாள். திரும்பவும் கேட்டார். ஐந்தாவது தரம் கேட்டபோது மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. "இவர் பக்கத்து வீட்டு மூத்தாப்பா, இப்பிடித்தான் வந்துருவார்" என்றேன்.

மூத்தாப்பா என்னைப் பார்த்தார். "ஓம், நான் பக்கத்து ஊடுதான். போகப்போறன்" என்று சொல்லிவிட்டு, போய்ப் பூட்டிய கடப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் போகும்வரை அங்கேயே இருந்தார்.

அவருக்கு அது மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. உயிரியல் படிக்கிறவள்தானே என்று, அன்றிரவில் இருந்து இந்த நோயைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். யார்மீதாவது பழியைப் போட எனக்கு ஆள் தேவைப்பட்டது என்று இப்போது தெரிகிறது. கிடைத்தது பந்து.

இங்கிலாந்தில் ஜெஃப் அஸ்ட்ல் என்று ஒரு வீரர் இருந்தார். தலையால் அடிப்பதில் பேர்போனவர். 1968இல் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியின் வெற்றிக் கோலை அடித்தவர். விளையாட்டை விட்டபின் யன்னல் துடைக்கும் தொழில் செய்தார். 2002இல் 59 வயதில் டிமென்சியாவோடு இறந்தார். மரண விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோயால் வந்த மரணம் என்று தீர்ப்பளித்தார். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் கெடுவதுபோல, இவருக்குப் பந்தால் மூளை கெட்டது என்று அர்த்தம். 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த வைத்தியர் வில்லி ஸ்டூவர்ட் அவருடைய மூளையை மறுபடியும் பரிசோதித்து, அது சீ.ரீ.ஈ. என்ற மூளைச்சிதைவு என்று கண்டார். தலை திரும்பத் திரும்ப அதிர்கிறவர்களுக்கு, குறிப்பாகக் குத்துச்சண்டை வீரர்களுக்கு வருவது. மூளை மண்டையோட்டுக்குள் பாய்மத்தில் மிதக்கிறது என்று நாங்கள் படித்திருக்கிறோம். பந்து பட்டுத் தலை குலுங்கும்போது மூளையும் குலுங்குகிறது. அது பல்லாயிரம் தடவை நடந்தால் டௌ என்ற புரதம் நரம்புக்கலங்களில் படிந்து அவற்றை மெல்லமெல்லச் சாகடிக்கிறது. அஸ்ட்லின் மகள் டோன், மற்றக் குடும்பங்களுக்காக இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.

1966 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் விளையாடிய இங்கிலாந்தின் பதினொருவரில் ஐந்து பேருக்கு டிமென்சியா வந்தது. ரே வில்சன், மார்டின் பீட்டர்ஸ், நொபி ஸ்டைல்ஸ், ஜெக் சார்ள்டன், அவருடைய தம்பி பொபி சார்ள்டன். உலகக் கிண்ணக் காலத்தில் எங்கள் ஒழுங்கைகளில் பறக்கும் மஞ்சள் கொடிக்காரர்களுக்கு இன்னொரு பெயர்: பெலினி. 1958இல் பிரேசிலின் தலைவர். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டியவர். அவர் 2014இல் இறந்தபோது அல்சைமர் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூளையைப் பரிசோதித்தபோது சீ.ரீ.ஈ.யும் இருந்தது. அவரும் பெக்.

எங்கள் பக்கத்து நாட்டில், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியின் தலைவர் சமர் பானர்ஜி அல்சைமரோடு 2022இல் மறைந்தார். அதே அணியில் விளையாடிய பி.கே. பானர்ஜி டிமென்சியாவோடும் பார்க்கின்சனோடும் 2020இல் மறைந்தார். ஒருவருக்கு 92 வயது, மற்றவருக்கு 83. அந்த வயதில் பந்தைத் தொடாதவர்களுக்கும் வருகிற நோய்தான். இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டூவர்ட்டின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் அதிகம் வாசித்தேன். ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை, அதே வயதும் வசதியும் உள்ள 23,000க்கும் அதிகமானவர்களோடு ஒப்பிட்டார்கள். நரம்புச்சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்கு மூன்றரை மடங்கு. ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் வீரர்களில் 1.7 வீதம், மற்றவர்களில் 0.5 வீதம். இதய நோயால் இறப்பது வீரர்களிடையே குறைவு. 2021இல் வந்த அடுத்த ஆய்வில், கோல் கீப்பர்களுக்கு ஆபத்து மற்ற மனிதர்களைப்போலத்தான், பெக்குகளுக்குத்தான் மிக அதிகம் என்று இருந்தது.

அதை வாசித்துவிட்டு உம்மம்மாவிடம் ஓடினேன். "விளையாடிப்போட்டு வந்தா மூத்தாப்பாக்குத் தலையிடிக்குமா?" என்று கேட்டேன். "ஏன் இடிக்காம? சித்தாலேப பூசிக்கிட்டுப் படுப்பார். லைட்டப் போடாத எண்டுவார்" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. "பந்தாலதான் உம்மம்மா, பந்தாலதான் இப்பிடி ஆகியிருக்கார்" என்றேன். அவர் நெல்லிக்காய் அரிந்துகொண்டிருந்தார். "அப்ப என்ட ராத்தாவுக்கு ஏன் வந்த? அவ என்ன சென்டர் போர்வேர்டா?" என்று கேட்டார்.

கிளினிக்கில் வைத்தியரிடமும் கேட்டேன். பந்து காரணமாக இருக்கலாம், வயதும் பிரஷரும் சீனியும் காரணமாக இருக்கலாம் என்றார். அந்த ஆய்வு சம்பளத்துக்கு விளையாடியவர்களைப் பற்றியது, மூத்தாப்பா தறியில் இருந்து எழும்பிப்போய் விளையாடியவர். சீ.ரீ.ஈ.யை உறுதிசெய்வது இறந்தபிறகு மூளையைத் திறந்து பார்த்துத்தான். அஸ்ட்லின் குடும்பமும் பெலினியின் குடும்பமும் அதற்குச் சம்மதித்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள், நானும்தான். ஆகவே இந்தக் கேள்வி விடையில்லாமலே மூத்தாப்பாவோடு போகும்.

தம்பியின் விசயம் அப்படியில்லை. அவனுக்கு 12 வயது. பாடசாலை அணிக்குத் தெரிவாகியிருக்கிறான், பெக்காக. வளவில் கயிறு கட்டக் கேட்கிறான். அமெரிக்காவில் 2015இல் இருந்து பத்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகள் தலையால் அடிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஆரம்பப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதை 2020இல் நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் பெரிய வீரர்களே பயிற்சியில் வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் வேகமான பந்தைத் தலையால் அடிக்கக்கூடாது என்று 2021இல் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா பந்தை எடுத்து அலுமாரிக்குமேல் வைத்துவிட்டார்.

இரண்டு நாள்கூட வைத்திருக்க முடியவில்லை. பொழுதுபடும் நேரத்தில் மூத்தாப்பாவுக்கு ஒரு பதற்றம் வரும். எழும்புவார், கடப்பைப் பிடித்து உலுக்குவார், உம்மம்மாவின் கையைத் தள்ளிவிடுவார். அந்த நேரத்தில் அவரை உட்காரவைப்பது தம்பியும் பந்தும்தான். கதிரையில் இருந்துகொண்டே, "உச்சியால அடிக்காத, நெத்தியால அடி. கண்ண மூடாத. கழுத்த இறுக்கிப் புடி" என்பார். என் பெயர் தெரியாது, சாச்சி மௌத்தானது தெரியாது. எதிர்ப்பக்கத்துக்காரன் எந்தக் காலால் அடிப்பான் என்று பார்த்து நிற்க வேண்டும் என்பது தெரியும்.

இப்போது உம்மா ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பந்து வாங்கியிருக்கிறார். தலையால் அடிப்பதென்றால் அதால்தான், தோல் பந்து காலுக்கு மட்டும் என்று சட்டம். தம்பி அதை மைதானத்தில் கடைப்பிடிக்கிறானா என்று எனக்குச் சந்தேகம். கோல் கீப்பராக நின்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். அவன் பதில் சொல்லுமுன் மூத்தாப்பா, "ஓடத் தெரியாதவன்தான் அங்க நிப்பான்" என்றார். இதை வாசிக்கும் கோல் கீப்பர்களின் சகோதரிகள் மன்னிக்கவும்.

போன மாதம் அதே மூன்று பேரில் ஒருத்தி மறுபடியும் வந்தாள். மூத்தாப்பாவுக்கு நானே பெனியன் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். "இவர் பக்கத்து வீடில்ல. என்ட மூத்தாப்பா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூத்தாப்பாதான் மறுத்தார். "இல்ல, நான் பெக்" என்றார்.

அவளுக்கு உதைபந்தாட்டம் தெரியாது. "பெக் எண்டா என்ன?" என்று கேட்டாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.